டயப்பர் மாற்றும் ஐந்து நிமிடங்கள்: குழந்தைக் காப்பகப் பணியாளர்களுக்கு ஒரு திறந்த மடல்



ஒரு காப்பகத்தைப் பற்றி விசாரிக்கும் பெற்றோர் அங்குள்ள பொம்மைகளையும், சுவரில் தீட்டிய படங்களையும், சொல்லித்தரப்படும் பாட்டுகளையும் கேட்டறிகின்றனர். நடத்துவோரும் அவற்றையே முன்னிறுத்திக் காட்டுகின்றனர். நாள்தோறும் ஒவ்வொரு குழந்தைக்கும் பலமுறை நடக்கும் டயப்பர் மாற்றமோ, விரைவில் முடித்துவிட வேண்டிய துப்புரவு வேலையாகக் கருதப்பட்டு, எவராலும் கேட்கப்படாமலும் காட்டப்படாமலும் போகிறது. இரண்டரை வயது வரை டயப்பர் அணியும் குழந்தைக்கு, நாளொன்றுக்கு ஆறு முறை என்று குறைத்துக் கணக்கிட்டாலும், 5,400 முறைக்கு மேல் அது மாற்றப்படுகிறது. ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் பிடிக்கும் என்று கொண்டால், அக்குழந்தை 450 மணி நேரம் ஒரு பெரியவரின் முகத்துக்கு நேரே, அவருடைய கைகளின் பிடியில் கழிக்கிறது. பல குழந்தைகள் ஒன்றாக இருக்கும் காப்பகத்தில், ஒரு குழந்தைக்கு ஒரு பெரியவர் முழுதாகக் கிடைக்கும் வேளைகள் ஊட்டுவதும் உறங்க வைப்பதும் டயப்பர் மாற்றுவதும் தவிர வேறில்லை. அந்த வேளையைக் குழந்தையும் பெரியவரும் சேர்ந்து செய்யும் ஒரு செயலாக எவ்வாறு ஆக்கலாம் என்பதே இம்மடலின் பொருள். டயப்பருக்குப் பதிலாகப் பழைய வேட்டித் துணியைக் கட்டும் இடங்களுக்கும் இங்குச் சொல்லப்படுவது முழுவதும் பொருந்தும்.

மகப்பேறு நலச் சட்டத்தில் 2017ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தம், ஐம்பது அல்லது அதற்கு மேற்பட்டோர் பணிபுரியும் நிறுவனங்களில் குழந்தைக் காப்பக வசதி இருக்க வேண்டும் என்று வகுத்ததோடு, முதல் இரண்டு பிள்ளைப்பேறுகளுக்கான விடுப்பை 26 வாரங்களாக உயர்த்தியது. அந்த விடுப்பில் ஒரு பகுதியைப் பேற்றுக்கு முன்பே எடுத்துக்கொள்ளும் பெண்கள் பலர் ஆதலால், வேலைக்குத் திரும்பும் தாயின் குழந்தை பெரும்பாலும் ஐந்து அல்லது ஆறு மாத வயதில் காப்பகத்துக்கு வந்து சேர்கிறது. மல்லாக்கக் கிடத்தினால் அப்படியே கிடந்த பருவம் கடந்து, குப்புற விழவும் கால்களைப் பற்றி வாயில் வைக்கவும் குழந்தை தொடங்கும் வயது அது. வீட்டில் அதுவரை எளிதாக நடந்துவந்த டயப்பர் மாற்றம் ஒரு போராட்டமாக மாறத் தொடங்கும் அதே காலத்தில்தான், அந்த வேலை தாயின் கையிலிருந்து ஆயாவின் கைக்கு மாறுகிறது. ஆகவே, காப்பகத்தில் டயப்பர் மாற்றுவோர் வீட்டில் மாற்றுவோரைக் காட்டிலும் கடினமான கட்டத்தை எதிர்கொள்கின்றனர் என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்ள வேண்டும்.

இந்தப் போராட்டத்துக்கு இருவகைத் தீர்வுகள் வழக்கத்தில் உள்ளன. ஒன்று, குழந்தை திமிறும் முன்பே முடித்துவிடும் விரைவு. மற்றொன்று, கைப்பேசியில் பாட்டுக் காணொளியை ஓடவிட்டு, குழந்தை அதில் ஆழ்ந்திருக்கும்போது கீழே வேலையை முடித்துக்கொள்வது. உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம் என்றும், இரண்டு வயது முதல் நான்கு வயது வரை ஒரு நாளில் ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும் கூறுவது பலரும் அறிந்ததே. ஆனால் திரையின் தீமை மட்டுமே இங்குக் கேள்வி அன்று. கைப்பேசியின் இடத்தில் ஒரு கிலுகிலுப்பையை வைத்தாலும், அதன் நோக்கம் குழந்தையின் மனத்தை அதன் உடலிலிருந்து வேறிடத்துக்குக் கொண்டுபோவதாகவே இருந்தால், விளைவில் பெரிய வேறுபாடு இல்லை. இதைக் கவனத்திருப்பல் எனலாம். இதற்கு நேர்மாறானது பங்கேற்பு, அதாவது தன் உடலுக்கு என்ன நடக்கிறது என்பதைக் குழந்தை அறிந்து, தன்னால் இயன்ற அளவு அதில் தானும் சேர்ந்துகொள்வது. டயப்பர் மாற்றத்தைக் குழந்தைக்குச் சுவையுள்ளதாக ஆக்குவது என்ற பேச்சில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழப்பப்படுகின்றன. இம்மடல் பங்கேற்பின் பக்கமே நிற்கிறது.

பங்கேற்பு என்னும் இக்கருத்தை முழுமையாக நடைமுறைப்படுத்திக் காட்டியது ஹங்கேரி நாட்டின் தலைநகரான புடாபெஸ்டில் இயங்கிய ஓர் இல்லம். 1902இல் வியன்னாவில் பிறந்து, அந்நகரிலேயே மருத்துவம் பயின்று, புடாபெஸ்டில் குடும்பங்களுக்குக் குழந்தை மருத்துவராகப் பணிபுரிந்த எம்மி பிக்லர், இரண்டாம் உலகப் போர் முடிந்த மறு ஆண்டான 1946இல், பெற்றோரை இழந்த அல்லது பெற்றோரால் வளர்க்க இயலாத கைக்குழந்தைகளுக்காக லோட்சி என்னும் தெருவில் அந்த இல்லத்தைத் தொடங்கினார்; தெருவின் பெயரே பின்னாளில் இல்லத்தின் பெயராக உலகெங்கும் வழங்கலாயிற்று. அதற்கு முந்தைய ஆண்டு, ரெனே ஸ்பிட்ஸ் என்னும் மனநல மருத்துவர், கைக்குழந்தைகள் வளர்க்கப்பட்ட இரண்டு நிறுவனங்களை ஒப்பிட்டு எழுதிய ஆய்வு வெளிவந்திருந்தது. சிறையில் இருந்த தாய்மார்கள் தங்கள் குழந்தைகளைத் தாங்களே கவனித்துக்கொண்ட இடத்தில் குழந்தைகள் நன்கு வளர்ந்தனர். தூய்மையும் உணவும் மருத்துவமும் குறைவின்றிக் கிடைத்தும், ஒவ்வொரு குழந்தைக்கும் தனியே முகம் கொடுக்க ஆளில்லாத ஆதரவற்றோர் இல்லத்தில் குழந்தைகளின் வளர்ச்சி மாதந்தோறும் சரிந்தது. நிறுவனத்தில் வளரும் குழந்தைக்கு நேரும் இந்தத் தேய்வை அவர் ஹாஸ்பிட்டலிசம் என்று அழைத்தார்.

அந்தத் தேய்வு தன் இல்லத்தில் நேராதிருக்க வேண்டும் என்பதே பிக்லரின் கவலையாக இருந்தது. முதலில் அங்குப் பணிபுரிந்த பயிற்சி பெற்ற செவிலியர், மருத்துவமனை வழக்கப்படி குழந்தைகளை விரைவாகவும் திறமையாகவும் கையாண்டனர். கைகள் கைதேர்ந்தவையாக இருந்தும், கண்கள் குழந்தையைப் பார்க்கவில்லை. பிக்லர் அவர்களுக்குப் பதிலாக, குழந்தைகள்மேல் ஈடுபாடு கொண்ட, முறையான பயிற்சி எதுவும் பெறாத இளம்பெண்களைப் பணியில் அமர்த்தி, எப்படித் தூக்குவது, எப்படித் துணியைக் கழற்றுவது, எப்போது பேசுவது, எவ்வளவு நேரம் காத்திருப்பது என்று அசைவு அசைவாகக் கற்றுக்கொடுத்தார். தாய் இல்லாத குழந்தைக்குத் தாயாக நடிக்குமாறு அப்பெண்களிடம் அவர் கேட்கவில்லை. குளிப்பாட்டும்போதும் ஊட்டும்போதும் டயப்பர் மாற்றும்போதும் அந்தக் குழந்தையோடு முழுமையாக இருக்க வேண்டும் என்பதே அவர் கேட்டது. மிரியம் டேவிட், ஷெனவியேவ் அப்பெல் என்னும் பிரெஞ்சு அறிஞர் இருவர் இவ்வில்லத்தை நேரில் கண்டு எழுதிய நூல் 1973இல் வெளிவந்த பின்னர், மேற்கு ஐரோப்பாவில் காப்பகங்களை நடத்துவோரின் கவனம் லோட்சியின் பக்கம் திரும்பியது. கைதேர்ந்த செவிலியரிடம் கிடைக்காத ஒன்று, பயிற்சியற்ற இளம்பெண்களுக்குக் கற்பித்தபோது அவர்களிடம் கிடைத்தது என்னும் செய்தி, சான்றிதழ் இல்லை என்ற காரணத்தால் ஒதுக்கிவைக்கப்படும் தமிழ்நாட்டு ஆயாக்களுக்கு மிகவும் உரியது.

லோட்சியில் டயப்பர் மாற்றம் குழந்தையின் அருகே சென்று பேசுவதில் தொடங்கியது. பின்னாலிருந்து திடீரென்று தூக்காமல், குழந்தையின் கண்ணில் படும் இடத்தில் நின்று, பெயர் சொல்லி அழைத்து, என்ன செய்யப் போகிறோம் என்று கூறி, கைகளை நீட்டிக் காத்திருப்பார் பணியாளர். ஆறு மாதக் குழந்தை அந்த நீட்டிய கையைப் பார்த்ததும் தோள்களை இறுக்கி எழும்பத் தயாராகும்; பத்து மாதக் குழந்தை தன் கைகளையும் நீட்டும். அதன் பின்னரே தூக்குதல். மேசையில் கிடத்திய பின்னும், ஒவ்வொரு அசைவுக்கு முன்பும் அதைச் சொல்வதும், சொன்ன பின் சற்று நிறுத்துவதும் தொடரும். பச்சிளங் குழந்தை சொல்லின் பொருளை அறியாது. ஆயினும் அதே குரலும் அதே சொல்லும் அதே தொடுகையும் அதே வரிசையில் நாள்தோறும் வந்தால், அடுத்து வருவது இன்னது என்று அது எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கிறது. எதிர்பார்க்கத் தெரிந்த குழந்தை திடுக்கிடுவதில்லை. பிறந்த முதல் சில மாதங்களில், தலைக்கும் முதுகுக்கும் பிடிமானம் திடீரென்று விலகியதாக உணரும் குழந்தை கைகளை விரித்து அதிர்ந்து அழும். மோரோ அனிச்சைச் செயல் என்று மருத்துவர்கள் கூறும் இந்த அதிர்வு, இரு கணுக்கால்களையும் ஒரு கையால் பற்றி இடுப்பை வெடுக்கென உயர்த்தும்போதும் தூண்டப்படக்கூடும். கால்களைப் பிடித்துத் தூக்குவதற்குப் பதிலாகக் குழந்தையை மெல்ல ஒருபக்கமாகச் சாய்த்துத் துடைத்து, பின்னர் மறுபக்கம் சாய்த்துப் புதிய டயப்பரை இடுவது, அதிர்வையும் தவிர்க்கும், குழந்தை தானே புரளக் கற்கும் அசைவுக்கும் இசைவாக அமையும்.

சொன்ன பின் நிறுத்துவது இம்முறையின் உயிர்நிலை. பழகுவதற்கு மிகக் கடினமானதும் அதுவே. பேசாமல் டயப்பர் மாற்றும் ஆயா தமிழ்நாட்டில் அரிது. காலை நீட்டி அமர்ந்து, பேரக்குழந்தையைக் கால்மேல் போட்டுக் குளிப்பாட்டும் பாட்டியின் வாய் ஓயாது. குழந்தையைக் கேள்வி கேட்டு, குழந்தையின் குரலில் தானே விடையும் சொல்லி, அந்த விடைக்குத் தானே வியந்தும் கொள்வார். குழந்தையை ஒரு பேச்சுத்துணையாகக் கருதும் இந்த மரபு மிகப் பெரிய செல்வம், அதை ஆயாக்கள் வீட்டிலிருந்து கூடவே கொண்டுவருகின்றனர். அதில் சேர்க்கப்பட வேண்டியது ஒன்றே: கேள்விக்குப் பின் சில நொடி மௌனம். கைக்குழந்தையின் மறுமொழி மெதுவாகவே வரும்; ஒரு விழியசைவாகவோ, காலை ஓங்கி உதைப்பதாகவோ, ஒரு முனகலாகவோ அது வருவதற்குள் பெரியவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டால், தன் மறுமொழிக்கு ஒரு விளைவு உண்டு என்பதைக் குழந்தை அறிய வாய்ப்பில்லை. 1970களில் அமெரிக்க உளவியலறிஞர் எட்வர்ட் ட்ரானிக் நடத்திய அசையாமுகச் சோதனை இதை மறுபக்கத்திலிருந்து விளக்குகிறது. குழந்தையோடு கொஞ்சிக்கொண்டிருந்த தாய், சோதனையாளர் கேட்டுக்கொண்டபடி, சிறிது நேரம் எந்த உணர்ச்சியும் காட்டாத முகத்தோடு குழந்தையைப் பார்த்துக்கொண்டிருப்பார். குழந்தை சிரித்தும் கூவியும் கையை நீட்டியும் அவரை மீட்க முயன்று, முடியாதபோது முகத்தைத் திருப்பிக்கொண்டு சோர்ந்து அழும். தாய் அருகிலேயேதான் இருக்கிறார், குழந்தைக்குக் கிடைக்காதது அவருடைய மறுமொழி மட்டுமே. மற்றொரு பணியாளரோடு பேசிக்கொண்டே, குழந்தையின் இடுப்பை மட்டும் பார்த்து டயப்பர் மாற்றும்போது, அந்தச் சோதனையில் உண்டான நிலைக்கு நெருங்கிய ஒன்றைக் குழந்தை நாளுக்கு மூன்று நான்கு முறை அனுபவிக்கிறது.

இனி, புரளும் குழந்தையின் பொருட்டுச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் டயப்பர் மாற்றும்போது எழும் அழுகை பல வேளைகளில் இங்குதான் பிறக்கிறது. பிள்ளைத்தமிழ் இலக்கியம் குழந்தையின் ஐந்தாம் மாதத்துக்குச் செங்கீரை என்று பெயரிட்டு, ஒரு காலை மடக்கி, மற்றொன்றை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்த்தி ஆடும் அசைவை ஒரு தனிப் பருவமாகவே போற்றியது. அந்த அசைவைக் கண்டு மகிழ்ந்து மீண்டும் ஆடுமாறு வேண்டுவதே அப்பருவப் பாடல்களின் பணி. டயப்பர் மாற்றும் மேசையிலோ அதே அசைவு குறும்பாகவும் அடங்காமையாகவும் எண்ணப்பட்டு, குழந்தை மீண்டும் மீண்டும் மல்லாக்கப் புரட்டப்படுகிறது. புதிதாகக் கற்ற ஓர் ஆற்றலைச் செய்து பார்க்காமல் இருப்பது அந்த வயதுக் குழந்தையால் இயலாத காரியம். அதைத் தடுக்கும் கையோடு அது போராடுவதில் வியப்பில்லை. லோட்சியில் மேசையின் மூன்று பக்கமும் கம்பித் தடுப்பு அமைத்து, குழந்தை குப்புறப் படுத்தாலும், தவழும் நிலைக்கு வந்தாலும், கம்பியைப் பிடித்து எழுந்து நின்றாலும், அந்த நிலையிலேயே துடைக்கவும் அணிவிக்கவும் பணியாளர்கள் கற்றிருந்தனர். தமிழ்நாட்டுக் காப்பகத்துக்கு அப்படியொரு மேசை கட்டாயத் தேவை அன்று. தரையில் விரித்த கோரைப்பாயின்மேல் ஒரு ரப்பர் விரிப்பும் அதன்மேல் ஒரு பருத்தித் துணியும் போதும். விழுந்துவிடும் என்ற அச்சம் அங்கு இல்லாததால், குழந்தையின் அசைவுக்கு இடம் கொடுப்பது மேசையைவிட எளிது. ஆயாவின் முதுகும் முழங்காலும் வருந்தாதபடி, அவர் சாய்ந்து உட்கார ஒரு சுவரும் தாழ்ந்த பலகையும் தரப்பட வேண்டும் என்பதை நடத்துவோர் மறக்கக்கூடாது. புரண்ட குழந்தையிடம், புரண்டுவிட்டதைப் பார்த்ததாகச் சொல்லி, அரை நிமிடம் அதை ஆடவிட்டு, பின்னர் பழைய டயப்பரைக் கழற்ற இடுப்பைத் திருப்பித்தருமாறு கேட்டால், பெரும்பாலான நாள்களில் அது திரும்பும். திரும்பாத நாளில் குப்புறக் கிடந்தபடியே பின்புறத்தைத் துடைத்துவிட்டு, மீதியைப் பிறகு செய்யலாம்.

எட்டு மாதத்தை ஒட்டிக் குழந்தையின் அறிவில் ஒரு பெரிய மாற்றம் நிகழ்கிறது. கண்ணுக்கு மறைந்த பொருள் இல்லாமற் போய்விடவில்லை, எங்கோ இருக்கிறது என்ற அறிவு அப்போதுதான் வலுப்பெறத் தொடங்குகிறது என்று சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே கண்டார். இதைப் பொருளின் நிலைப்பேறு என்று உளவியல் கூறும். முகத்தைத் துணியால் மறைத்து மறுபடி காட்டும் விளையாட்டு அந்த வயதில் சலிக்காத இன்பம் தருவதற்குக் காரணம் இதுவே. மடித்து வைத்த தூய துணியை ஆயா தன் முகத்தில் ஒருமுறை, குழந்தையின் முகத்தில் ஒருமுறை போட்டு எடுத்தால், விளையாட்டுக்கென்று தனிப்பொருள் வேண்டியதில்லை. உள்ளங்கையில் பருப்புக் கடைந்து, அனைவருக்கும் பங்கிட்டு, விரல்களை அக்குள் வரை ஊர்ந்து செல்லவிடும் விளையாட்டைத் தமிழ்நாட்டில் அறியாதவர் இல்லை. அதைக் கையிலிருந்து காலுக்கு மாற்றி, பாதத்தில் தொடங்கித் தொடையில் முடித்தால், அடுத்த அசைவு குழந்தையின் காலைக் காற்சட்டைக்குள் நுழைப்பதாகவே இயல்பாக அமையும். பாட்டும் விளையாட்டும் வேலையை மறக்கடிக்கும் திரையாக இல்லாமல், வேலையின் வரிசையோடு பின்னிவருவதே கருதத்தக்கது. இவ்விடத்தில் லோட்சியின் நடைமுறை சற்று அடக்கமானது என்றும், பாட்டும் கூச்சலும் கலந்த தமிழ் வீட்டின் கொஞ்சலை அதற்காகக் கைவிட வேண்டியதில்லை என்றும் சொல்லிவிடலாம். ஆனால் கிச்சுகிச்சு மூட்டுவது மட்டும் வேறு: குழந்தையின் சிரிப்பு அங்கு விருப்பத்தின் அடையாளமாக இல்லாமலும் இருக்கலாம், மறுக்கவும் அதனால் முடியாது என்பதால், அதைத் தவிர்ப்பதே நல்லது.

நடக்கத் தொடங்கிய குழந்தைக்குப் படுத்தபடி இருப்பதே தோல்வியாகத் தோன்றும். அந்த வயதில் அழுகையின் காரணம் பெரும்பாலும் டயப்பர் அன்று. ஆடிக்கொண்டிருந்த ஆட்டத்திலிருந்து சொல்லாமல் பிடுங்கப்பட்டதே காரணம். வண்டியை ஒருமுறை சுவர் வரை ஓட்டிவிட்டு வரலாம் என்று முன்கூட்டியே சொல்லி, அந்த ஒருமுறை முடியும் வரை காத்திருந்தால், இரு நிமிடச் செலவில் பத்து நிமிட அழுகையைத் தவிர்க்கலாம். அடுக்கிலிருந்து தன் டயப்பரைத் தானே எடுத்து வருதல், ஒட்டுப்பட்டையைப் பிரித்தல், சட்டையை மேலே தூக்கிப் பிடித்தல், சுருட்டிய பழைய டயப்பரை மூடியுள்ள தொட்டியில் போடுதல், கடைசியில் ஆயாவோடு சேர்ந்து கைகழுவுதல் என்று ஒன்றரை வயதுக் குழந்தை செய்யக்கூடிய உண்மையான வேலைகள் பல உள்ளன. சிறுநீர் மட்டும் கழித்திருந்தால், சுவரைப் பிடித்து நின்றபடியே மாற்றிவிடலாம். மாற்றலாமா வேண்டாமா என்று கேட்பது நேர்மையன்று, ஏனெனில் வேண்டாம் என்ற விடையை ஏற்க இயலாது. நின்றுகொண்டா, படுத்துக்கொண்டா என்று கேட்டால், எந்த விடை வந்தாலும் அதை மதிக்க முடியும். இப்படித் தன் உடலின் தேவையைக் கவனிக்கப் பழகிய குழந்தைக்குப் பின்னர் கழிப்பறைப் பழக்கம் எளிதில் படியும் என எதிர்பார்க்க இடமுண்டு.

உடலைப் பற்றிய பேச்சில் காப்பகங்கள் மிகுந்த கவனம் கொள்ள வேண்டிய இடம் ஒன்று உள்ளது. டயப்பரைத் திறந்ததும் மூக்கைப் பொத்திச் சீ என்பதும், நாற்றம் என்று சிரிப்பதும், ஆடையின்றி நிற்கும் குழந்தையைப் பார்த்து ஷேம் ஷேம் என்று கேலி செய்வதும் தீய எண்ணமின்றியே நிகழ்கின்றன. ஆனால் குழந்தை அந்த முகச்சுளிப்பைத் தன் மலத்தோடு நிறுத்திக்கொள்ளாது. தன் உடலின் அந்தப் பகுதியே அருவருப்பானது என்ற முடிவுக்கும் அது வரக்கூடும். கண், மூக்கு, தொப்புள் என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்து, இடுப்புக்குக் கீழே வந்ததும் மௌனமாகிவிடும் பழக்கத்தின் விளைவாக, பெயரில்லாத ஓர் உறுப்போடு குழந்தை பள்ளிக்குச் செல்கிறது. பிற்காலத்தில் பள்ளிகளில் நல்ல தொடுதல், கெட்ட தொடுதல் என்று சொல்லித்தரப்படுவது பயன் தர வேண்டுமானால், தொடுவதற்கு முன் சொல்வார்கள், தொட்டதற்குக் காரணம் இருக்கும், தனக்குப் பிடிக்காததை முகத்தால் காட்டினால் கவனிப்பார்கள் என்ற அனுபவம் முன்பே உடலில் படிந்திருக்க வேண்டும். நாளுக்கு மூன்று நான்கு முறை இந்தப் பாடத்தைச் சொல்லின்றிக் கற்பிப்பவர் ஆயா. ஈரம், உலர்ந்தது, சூடு, குளிர், இடது கால், வலது கால் என்ற சொற்களும், வீட்டில் வழங்கும் உறுப்புப் பெயர்களும் அங்கே தயக்கமின்றிப் புழங்கட்டும்.

தூய்மையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பணியாளர் அனைவரும் அறிந்ததே. பெண்குழந்தையை முன்னிருந்து பின்னாகத் துடைப்பது, மடிப்புகளை ஈரமின்றி உலரவிடுவது, பவுடர்த் தூசி மூச்சில் போகும் என்பதால் அதைத் தவிர்ப்பது, ஒவ்வொரு குழந்தைக்குப் பின்னும் சோப்பிட்டுக் கைகழுவுவது, உயரமான இடத்தில் கிடத்தியிருந்தால் ஒரு கை எப்போதும் குழந்தைமேல் இருப்பது ஆகியவை எந்த விளையாட்டுக்காகவும் தளர்த்தக்கூடாதவை. தேவையான அனைத்தையும் முன்பே கைக்கெட்டும் தொலைவில் வைத்துக்கொண்டால், இடையில் எழுந்து போக நேராது, பேச்சும் அறுபடாது.

இவ்வளவு நேரம் எங்கிருந்து வரும் என்ற கேள்வி நியாயமானது. அரசின் காப்பகத் திட்டத்தில் இருபத்தைந்து குழந்தைகள் வரை ஒரு பணியாளரும் ஓர் உதவியாளரும் கவனிக்கும் ஏற்பாடே நெடுங்காலம் இருந்துவந்தது. லோட்சியில் ஒரு குழுவில் பத்துக்கும் குறைவான குழந்தைகளே இருந்தனர். இரண்டையும் ஒப்பிட்டு ஆயாக்களைக் குறைகூறுவது அநீதி. எனினும், அங்கிருந்து இங்குக் கொண்டுவரக்கூடிய ஓர் ஏற்பாடு உண்டு. லோட்சியில் குழந்தைகளைக் கவனிக்கும் வரிசை நாள்தோறும் மாறாமல் இருந்தது. தனக்கு முன் யார், தனக்குப் பின் யார் என்று குழந்தைகளே அறிந்திருந்தனர். தன் முறை வரும், வரும்போது அது முழுதாக வரும் என்று அறிந்த குழந்தை, மற்றொன்றின் முறை நடக்கும்போது தரையில் தானே விளையாடிக்கொண்டிருக்கும். பணியாளரும் ஒரு குழந்தையைப் பாதியில் விட்டு மற்றொன்றை நோக்கி ஓட மாட்டார். பிக்லரிடம் கற்று அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த மாக்டா கெர்பர், 1978இல் லாஸ் ஏஞ்சலிஸ் நகரில் கைக்குழந்தை வளர்ப்போருக்கான ஓர் அமைப்பைத் தொடங்கி, குழந்தையோடு கழிக்கும் தரமான நேரத்தை இரண்டாகப் பிரித்து விளக்கினார்: ஊட்டுதல், டயப்பர் மாற்றுதல் போல ஒரு காரியம் முடிய வேண்டிய நேரம் ஒன்று, எதையும் எதிர்பார்க்காமல் அருகில் அமர்ந்து குழந்தை விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் நேரம் மற்றொன்று. ஆள் குறைவான இடத்தில் இரண்டாவதற்கு வாய்ப்பு அரிது. முதலாவதோ எப்படியும் செலவழிந்தே தீரும் நேரம். ஐந்து நிமிடம் ஏழாகலாம், ஆனால் அழுகையை அடக்கப் பின்னர் செலவாகும் நேரம் அதில் மிச்சமாகிறது.

இறுதியாக, காப்பகங்களை நடத்துவோரை நோக்கிச் சொல்ல வேண்டியது ஒன்று. பல காப்பகங்களில் பாட்டும் எழுத்தும் சொல்லித்தருபவர் ஆசிரியை என்றும், மலத்தைத் துடைப்பவர் ஆயா என்றும் வகுக்கப்பட்டு, சம்பளமும் மதிப்பும் நாற்காலியும் அதற்கேற்பப் பங்கிடப்படுகின்றன. மலத்தைத் தொடும் வேலையை இழிவென்று கருதி, அதைச் சிலர் தலையில் மட்டும் சுமத்திய சாதியச் சமூகத்தின் பழக்கம், குழந்தைகளின் அறைக்குள்ளும் அறியாமலே நுழைந்திருக்கிறது. மூன்று வயதுக்கு உட்பட்ட குழந்தையின் கல்வி, சுவரில் தொங்கும் எழுத்து அட்டையில் நடப்பதைவிட, ஆயாவின் முகத்திலும் குரலிலும் கைகளிலும் அதிகமாக நடக்கிறது என்பது லோட்சியின் அனுபவம். அதை ஏற்போர், ஆசிரியையும் முறைவைத்து டயப்பர் மாற்ற வேண்டும் என்றும், ஆயாவுக்கும் குழந்தை வளர்ச்சியில் பயிற்சியும் அதற்குரிய ஊதியமும் வேண்டும் என்றும், ஒரே குழந்தையை இயன்றவரை ஒரே ஆயா கவனிக்கும்படி பணிமுறை அமைய வேண்டும் என்றும் ஏற்றாக வேண்டும்.

ஆயாக்களிடமும் ஆசிரியைகளிடமும் இம்மடல் வேண்டுவது சிறியது: வரும் வாரம், மிக அதிகமாகத் திமிறும் ஒரு குழந்தையைத் தேர்ந்து, கைப்பேசியை வேறோர் அறையில் வைத்துவிட்டு, தூக்கும் முன் சொல்லி, சொன்ன பின் அதன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்து பாருங்கள். நடத்துவோரிடம் வேண்டுவது அதைவிடப் பெரியது: அந்தக் காத்திருப்புக்கு உரிய நேரத்தையும் ஆளையும் கூலியையும் கொடுங்கள்.